மூச்சு முட்டுதுன்னு மூணு பேர் சொன்னா மூணு பேருக்கும் ஒரே கேர் ப்ளானா? வார்டுல நர்ஸிங் இண்டர்வென்ஷன் தேர்ந்தெடுக்கிற விதம்

ஜிஎன்எம், பிஎஸ்சி நர்ஸிங் படிக்கிற பிள்ளைங்க, புதுசா டூட்டிக்கு வந்த ஸ்டாஃபுங்க, யாரா இருந்தாலும் மெடிக்கல் சர்ஜிகல் போஸ்டிங்ல என்கிட்ட வந்து கேக்குறது இதான், "அக்கா, டயக்னோசிஸ் எழுதிட்டேன், இண்டர்வென்ஷன் என்ன போடுறதுன்னு தெரியல". இங்க டயக்னோசிஸ்னா பேஷண்டோட பிரச்சனையும் அதோட காரணமும், இண்டர்வென்ஷன்னா அதுக்கு நர்ஸ் செய்ய வேண்டிய வேலை. அப்புறம் சீனியரோட ஃபைல வாங்கி பாத்து எழுதிடுவாங்க. பெட் நம்பர் மட்டும் மாறும், மத்தபடி வைட்டல்ஸ் (பல்ஸ், பிபி, மூச்சு, காய்ச்சல்) பாக்கவும், வசதியான பொசிஷன் கொடுக்கவும், ஆக்சிஜன் கொடுக்கவும், டாக்டர் எழுதின மருந்து கொடுக்கவும்னு அதே நாலு வரி. நாலு வரியும் தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா அதை படிச்சிட்டு ஒரு நர்ஸ் பெட் பக்கத்துல போய் நின்னா கையால என்ன செய்யணும்னு தெரியாது, அதான் பிரச்சனை.

அதனால தியரியில ஆரம்பிக்காம மூணு பேஷண்ட வெச்சே சொல்றேன். மூணு பேரும் சொல்றது ஒண்ணுதான், மூச்சு முட்டுது.

முதல் ஆள் மெடிக்கல் வார்டுல 60 வயசு தாண்டின அய்யா, ஹார்ட் ஃபெயிலியர், ரெண்டு காலும் வீங்கியிருக்கு, அமுக்கினா குழி விழுது, ராத்திரி படுக்கவே முடியல உக்காந்தே தூங்குறேன்னு சொல்றாரு. ரெண்டாவது ஆள் அதே வார்டுல ரெண்டு பெட் தள்ளி, முப்பது வருஷமா பீடி குடிச்சவரு, சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்), நெஞ்சு பீப்பாய் மாதிரி இருக்கு, மூச்ச இழுக்குறத விட வெளிய விடத்தான் கஷ்டப்படுறாரு. மூணாவது சர்ஜிகல் வார்டுல ஒரு அம்மா, குடல் ஓட்டைக்கு லேபரட்டமி (வயித்த திறந்து செய்யுற ஆபரேஷன்) ஆகி ரெண்டாவது நாள், வயித்துல நடுவுல நீளமா தையல், வலிக்கு பயந்து மூச்ச மேலோட்டமா எடுக்குறாங்க, இருமவே மாட்டேங்குறாங்க.

இப்போ அய்யாவுக்கு கால் வீங்கியிருக்கே, கால உயர்த்தி வைக்கலாம்னு ஸ்டூடண்ட் எழுதுவாங்க, நான் எத்தனையோ ஃபைல்ல பாத்திருக்கேன். மூச்சு முட்டிக்கிட்டு இருக்கிற நேரத்துல கால தூக்கி வெச்சீங்கன்னா கால்ல நிக்கிற நீரும் ரத்தமும் திரும்பி ஹார்ட்டுக்கு வரும், அது ஏற்கனவே தள்ள முடியாம திணறிக்கிட்டு இருக்கு, நுரையீரல்ல இன்னும் நீர் சேரும், மூச்சு இன்னும் முட்டும். அவருக்கு வேண்டியது தலைப்பக்கம் நல்லா நிமிர்த்தி உக்கார வெச்சு, முடிஞ்சா கால தொங்கப்போட விடுறது. அப்புறம் யூரின் போக வைக்கிற ஃப்ரூஸமைட் மருந்து போட்டா எவ்வளவு யூரின் போகுதுன்னு அளக்குறது, அதுக்கு யூரின் பேன் இல்ல பாட்டில் கைக்கு எட்டுற தூரத்துல வைக்கிறது, இல்லன்னா அந்த மூச்சோட எழுந்து பாத்ரூம் வரைக்கும் நடப்பாரு, அங்கயே விழுந்துடுவாரு. தினமும் காலையில யூரின் போனப்புறம், சாப்பிடுறதுக்கு முன்னாடி, அதே மெஷின்ல, அதே மாதிரி துணியோட எடை பாக்குறது. 1 கிலோ ஏறுனா கிட்டத்தட்ட 1 லிட்டர் தண்ணி உடம்புல சேர்ந்திருக்குன்னு அர்த்தம், வீக்கம் கண்ணுக்கு தெரியறதுக்கு முன்னாடியே எடை காட்டிக் கொடுத்துடும். வைட்டல்ஸ் செக் பண்ணவும்னு எழுதுறதுக்கும் இதுக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்க.

சிஓபிடி அய்யாவுக்கு சாச்சுரேஷன், அதாவது ரத்தத்துல ஆக்சிஜன் அளவு, 89 சதவீதம் காட்டுதுன்னு வைங்க. பயந்து போய் மாஸ்க் மாட்டி ஆக்சிஜன முழுசா திறந்து விட்டுடாதீங்க. அவருக்கு பொதுவா டார்கெட் 88ல இருந்து 92 வரைக்கும்தான், அதுக்கு மேல ஏத்தினா கார்பன் டை ஆக்ஸைடு உள்ள தேங்கி ஆளு மயங்க ஆரம்பிப்பாரு, நீங்க சாச்சுரேஷன் 99 வந்துடுச்சுன்னு சந்தோஷமா இருப்பீங்க அவரு தூங்குறாருன்னு நினைப்பீங்க, அது தூக்கம் இல்ல. அவருக்கு கார்டியாக் டேபிள முன்னாடி போட்டு அதுல கைய ஊனி குனிஞ்ச மாதிரி உக்கார வைங்க, உதட்ட குவிச்சு மூச்ச விட கத்துக்கொடுங்க. உதட்ட குவிச்சு விடுங்கன்னு சொன்னா புரியாது, சூடு கஞ்சிய ஊதுற மாதிரி மெதுவா ஊதுங்க அய்யான்னு சொன்னா உடனே செய்வாங்க, மூக்கால ரெண்டு எண்ணி இழுக்கணும், வாயால நாலு எண்ணி விடணும், அவ்வளவுதான்.

அதே 89 சர்ஜிகல் வார்டு அம்மாவுக்கு காட்டினா அது சும்மா விடுற விஷயமே இல்ல, அவங்க நுரையீரல் இதுக்கு முன்னாடி நல்லா இருந்த நுரையீரல். டாக்டருக்கு உடனே சொல்லணும், ஆக்சிஜன் வேணும், ஆனா ஆக்சிஜன் மட்டும் வெச்சா வேலைக்கு ஆகாது, ஏன்னா அங்க மூல காரணம் வலி. வலி இருக்கிற வரைக்கும் ஆழமா மூச்சு எடுக்க மாட்டாங்க, எடுக்கலன்னா நுரையீரலோட அடிப்பக்கம் சுருங்கி ஒட்டிக்கும், சளி தேங்கும், ரெண்டு நாள்ல நிமோனியா. அதனால முதல்ல வலிக்கான மருந்து, அது வேலை செய்ய ஆரம்பிச்சப்புறம் ஸ்பைரோமீட்டர் (மூச்ச ஆழமா இழுத்து பந்த மேல ஏத்துற பயிற்சிக் கருவி), முழிச்சிருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் ஒரு 10 தடவை, பந்து மேல போனா மூணு செகண்டாவது பிடிச்சு வைக்க சொல்லுங்க. இருமும்போது ஒரு தலையணைய தையல் மேல வெச்சு ரெண்டு கையாலயும் அணைச்சு பிடிக்க சொல்லுங்க. இந்த வரிசை மாறினா, அதாவது வலியோட இருக்கும்போதே ஸ்பைரோமீட்டர நீட்டினா, அந்த அம்மா ஒரு தடவை இழுத்துட்டு முகத்த சுளிச்சு லாக்கர்ல வெச்சுடுவாங்க, அதுக்கப்புறம் அத தொடவே மாட்டாங்க.

ஆக, ஒரே புகார், ரெண்டு பேருக்கு ஒரே நம்பர் கூட, ஆனா செய்ய வேண்டியது மூணும் வேற வேற. ஏன்னா காரணம் வேற. நர்ஸிங் டயக்னோசிஸ் எழுதும்போது நடுவுல ரிலேட்டட் டுன்னு ஒண்ணு வருமே, நிறைய பேர் அத ஒரு சடங்கு மாதிரி நோயோட பேர போட்டு நிரப்பிடுறாங்க. அந்த ரிலேட்டட் டுக்கு பின்னாடி என்ன எழுதுறீங்களோ அதுதான் இண்டர்வென்ஷன முடிவு பண்ணும். முன்னாடி இருக்கிற பிரச்சனை வார்த்தை உங்களுக்கு எங்க போகணும்னு சொல்லும், அதாவது எதை சரி பண்ணணும்னு. பின்னாடி இருக்கிற காரணம்தான் எப்படி போகணும்னு சொல்லும். ரிலேட்டட் டு சிஓபிடின்னு எழுதினா ஒண்ணும் செய்ய முடியாது, சிஓபிடிய நர்ஸ் குணமாக்க முடியாது. ரிலேட்டட் டு தேங்கின சளின்னு எழுதினா கைவசம் வேலை இருக்கு, வெந்நீர் கொடுக்கலாம், நெபுலைசேஷனுக்கு அப்புறம் இருமச் சொல்லலாம், பொசிஷன் மாத்தலாம். காரணத்த உங்க கை தொடுற அளவுக்கு கீழ இறக்கி எழுதுங்க, இண்டர்வென்ஷன் தானா வரும்.

காரணத்த தேடாம செஞ்சா என்ன ஆகும்னு எனக்கே ஒரு அனுபவம் இருக்கு. வேலைக்கு சேர்ந்த முதல் வருஷம், ஹெர்னியா ஆபரேஷன் முடிஞ்சு வந்த ஒருத்தர், ஸ்பைனல் அனஸ்தீஷியா, சாயந்திரம் ஆக ஆக கட்டில்ல புரண்டுக்கிட்டே இருக்காரு, வேர்க்குது, பிபி கொஞ்சம் ஏறியிருக்கு, வலிக்குது சிஸ்டர்னு சொல்றாரு. கேஸ் ஷீட்ல வலி இருந்தா ட்ரமடால் போடலாம்னு எழுதியிருந்துச்சு, நான் சிரிஞ்சுல எடுத்துட்டேன். அப்போ சீனியர் சிஸ்டர் வந்து, ஒண்ணும் பேசாம அவரு அடிவயித்துல கைய வெச்சாங்க, தொப்புள் வரைக்கும் கல்லு மாதிரி இருந்துச்சு. காலையில இருந்து யூரினே போகல, நான் கேக்கவே இல்ல. கதீட்டர் (யூரின் எடுக்கிற ட்யூப்) போட்டதும் 900 மில்லி வந்துச்சு, அதுக்கப்புறம் வலி ஊசியே தேவைப்படல, நிம்மதியா தூங்கினாரு. அன்னைக்கு ஊசி போட்டிருந்தா ட்ரமடால் யூரின இன்னும் அடைச்சிருக்கும். அன்னையில இருந்து ஆபரேஷன் ஆன பேஷண்ட் நிலைகொள்ளாம தவிச்சா வலின்னு நினைக்கிறதுக்கு முன்னாடி நான் பாக்குறது, சாச்சுரேஷன் எவ்வளவு, ட்ரெஸ்ஸிங்ல, ட்ரெயின்ல (உள்ள தேங்குறத வெளிய எடுக்கிற ட்யூப்) ரத்தம் இருக்கா, முதுகுக்கு அடியில கைய விட்டு பாத்தா ஈரம் இருக்கா, பல்ஸ் வேகமா ஓடுதா, அடிவயிறு கட்டியா இருக்கா, கடைசியா யூரின் எப்போ போச்சு. இதுக்கு ரெண்டு நிமிஷம் கூட ஆகாது.

யூரின் போகலன்னா உடனே கதீட்டர்தான்னும் இல்ல. ஆபரேஷன் முடிஞ்சு 6 லருந்து 8 மணி நேரத்துக்குள்ள போகணும்னு பொதுவா பாப்போம், அதுக்குள்ள ஸ்க்ரீன இழுத்து மறைச்சு, டாக்டர் எழுந்திரிக்கலாம்னு சொல்லியிருந்து கால்ல உணர்வும் பலமும் முழுசா திரும்பியிருந்தா கட்டில் ஓரமா நிக்க வெச்சு, கூட ஆள நிறுத்தி, தண்ணி குழாய கொஞ்சம் திறந்து விட்டா பல பேருக்கு போயிடும், படுத்துக்கிட்டே போக நிறைய ஆம்பளைங்களால முடியாது. சாதாரண வழியில முடியுறத சாதாரண வழியிலயே முயற்சி பண்ணுங்க, கதீட்டர் போட்டா கூடவே இன்ஃபெக்ஷனுக்கும் ஒரு வழி திறந்த மாதிரி.

இண்டர்வென்ஷன் மனசுல தோணினதும் எழுதறதுக்கு முன்னாடி உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கோங்க, இந்த பேஷண்டுக்கு இது கெடுதல் பண்ணுமா? பொதுவா நல்லதுன்னு சொல்ற விஷயமே ஒருத்தருக்கு ஆபத்தா மாறும். தண்ணி நிறைய குடிங்கன்னு சொல்றது கிட்னி ஸ்டோன்காரருக்கு சரி, ஹார்ட் ஃபெயிலியர்காரருக்கு தப்பு. இளநீர் உடம்புக்கு நல்லதுதான், ஆனா கிட்னி ஃபெயிலியர் பேஷண்டுக்கு அதுல இருக்கிற பொட்டாசியம் ஏறினா ஹார்ட்டே நிக்கும், பாக்க வர்ற சொந்தக்காரங்க பாசத்துல வாங்கிட்டு வர்றது அதுதான், அதனால பேஷண்ட் கூட தங்கியிருக்கிற அட்டெண்டர்கிட்ட முதல் நாளே சொல்லி வைங்க. ஸ்ட்ரோக் பேஷண்டுக்கு முழுங்க முடியுதான்னு பாக்காம ஒரு ஸ்பூன் தண்ணி கூட கொடுக்கக்கூடாது. டெங்கு காய்ச்சலுக்கு பாராசிட்டமால் ஓகே, டைக்ளோஃபினாக் ஊசி, ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் கூடாது, பிளேட்லெட் குறைஞ்சவங்களுக்கு இடுப்பு ஊசியே வேண்டாம்.

டெங்குன்னு வந்துட்டதால இத சொல்லாம விட முடியல. மழைக்காலத்துல வார்டு நிறையும்போது எல்லாரும் பிளேட்லெட் எவ்வளவு பிளேட்லெட் எவ்வளவுன்னுதான் கேப்பாங்க. ஆனா ஆபத்தான நேரம் பெரும்பாலும் காய்ச்சல் விட்டப்புறம்தான் வரும், மூணாவது நாள்ல இருந்து ஏழாவது நாளுக்குள்ள, வீட்டுக்காரங்க காய்ச்சல் விட்டுடுச்சு வீட்டுக்கு போலாமான்னு கேக்குற அந்த நேரத்துல ரத்தக்குழாய்ல இருந்து நீர் வெளிய கசியும். பிபி 100க்கு 80ன்னு வரும், மேல நம்பர் 100 இருக்கேன்னு சார்ட்ல எழுதிட்டு போயிடுவாங்க. ரெண்டுக்கும் நடுவுல 20தான் இருக்கு, அது ஷாக்கோட ஆரம்பம். அதனால டெங்கு பேஷண்டுக்கு இண்டர்வென்ஷன் எழுதினா பிபி பாக்கவும்னு எழுதாதீங்க, பல்ஸ் ப்ரெஷர் (பிபியோட ரெண்டு நம்பருக்கும் உள்ள வித்தியாசம்) 20 இல்ல அதுக்கு கீழ வந்தா, கை கால் சில்லுன்னு இருந்தா, வயித்து வலி, விடாத வாந்தி, யூரின் குறையுறது, இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே டாக்டர கூப்பிடவும்னு எழுதுங்க. கூடவே ஹெமட்டோகிரிட் (ரத்தத்துல சிவப்பணுவோட பங்கு) ஏறுதான்னு முந்தின ரிப்போர்ட்டோட வெச்சு பாருங்க.

சுகர் இறங்கின கேஸ்லயும் இதே மாதிரி நுணுக்கம் இருக்கு. 70க்கு கீழ வந்து ஆளு நினைவோட இருந்தா 15 கிராம் சர்க்கரை, அதாவது சின்ன ஸ்பூன்ல மூணு ஸ்பூன் தண்ணியில கலந்து கொடுத்து, 15 நிமிஷம் கழிச்சு திரும்ப பாக்கணும், ஏறலன்னா இன்னொரு தடவை, ஏறினதும் இட்லியோ பிஸ்கட்டோ கொடுக்கணும், இல்லன்னா மறுபடி இறங்கும். இது எல்லாருக்கும் தெரியும். ஆனா அவரு வோக்லிபோஸோ அகார்போஸோன்னு ஒரு சுகர் மாத்திரை சாப்பிடுறவரா இருந்தா சமையல் சர்க்கரை சரியா வேலை செய்யாது, ஏன்னா அத உடைக்கிற வேலையத்தான் அந்த மாத்திரை தடுக்குது. அவருக்கு குளுக்கோஸ் பவுடர்தான் கொடுக்கணும். மாத்திரை லிஸ்ட்ட பாக்காம இத எப்படி தெரிஞ்சுக்கிறது? நினைவு இல்லன்னா வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க, நரம்புல லைன் போட்டு டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) தான், டாக்டர கூப்பிட்டுக்கிட்டே கைய ரெடி பண்ணுங்க.

சர்ஜிகல் பக்கம் இன்னொரு விஷயம் இருக்கு. அங்க நிறைய இண்டர்வென்ஷன் பிரச்சனை வந்தப்புறம் செய்யுறது இல்ல, எந்த ஆபரேஷனுக்கு எது கெட்டுப் போகும்னு முன்னாடியே தெரிஞ்சு காத்திருக்கிறது. தைராய்டு ஆபரேஷன் ஆன பேஷண்டுக்கு கழுத்து முன்னாடி இருக்கிற ட்ரெஸ்ஸிங் வெள்ளையா இருக்கும், ரத்தம் வழிஞ்சு பின்னங்கழுத்துல தேங்கியிருக்கும், அதனால பின்னாடி கைய விட்டு பாக்கணும். அப்பப்போ உங்க பேர் சொல்லுங்கன்னு பேசவிட்டு குரல் மாறியிருக்கான்னு கேக்கணும். உதட்ட சுத்தி, விரல் நுனியில குறுகுறுன்னு இருக்கான்னு கேக்கணும், கால்சியம் இறங்கினா முதல்ல அதுதான் வரும். ட்ரக்கியாஸ்டமி செட் (கழுத்துல மூச்சுக்கு வழி திறக்கிற செட்), தையல் பிரிக்கிற கத்திரி, கால்சியம் க்ளூக்கோனேட் எல்லாம் பெட் பக்கத்துல இருக்கான்னு டூட்டி ஆரம்பத்துலயே பாக்கணும், கழுத்து வீங்கி மூச்சு அடைக்கும்போது ஸ்டோர் ரூமுக்கு ஓட நேரம் இருக்காது.

யூரின் அவுட்புட் கூட அப்படித்தான். மணிக்கு ஒரு கிலோ எடைக்கு 0.5 மில்லின்னு கணக்கு, 60 கிலோ ஆளுக்கு 30 மில்லி. குறைஞ்சா முதல்ல ட்யூப் மடங்கியிருக்கா, பை கட்டில விட மேல தொங்குதா, பேஷண்ட் அது மேல படுத்திருக்காரான்னு பாருங்க, அதுக்கப்புறம் பல்ஸ், பிபி, ட்ரெயின் பாத்துட்டு டாக்டர்கிட்ட சொல்லுங்க. சொல்லும்போது "சார், அந்த பேஷண்டுக்கு யூரின் கம்மியா இருக்கு"ன்னு மட்டும் சொன்னா அவரு தூக்கத்துல சரி வாட்ச் பண்ணுங்கன்னுட்டு வெச்சுடுவாரு. "சார், ஃபீமேல் சர்ஜிகல் 9ஆம் பெட், நேத்து லேபரட்டமி, 60 கிலோ, கடைசி ரெண்டு மணி நேரத்துல மொத்தமே 25 மில்லிதான், கதீட்டர் மடங்கல, பல்ஸ் 90ல இருந்து 118 ஆயிருக்கு, பிபி 100க்கு 70, ட்ரெயின்ல புதுசா சிவப்பா 150 மில்லி வந்திருக்கு, நீங்க வந்து பாக்கணும் சார்"னு சொன்னா கட்டாயம் எழுந்து வருவாரு. இப்படி சொல்றதும் ஒரு இண்டர்வென்ஷன்தான், சில நேரம் அதுதான் உயிரக் காப்பாத்துறது.

பழக்கத்துல செஞ்சுக்கிட்டு வர்ற சில வேலைய இப்போ விட்டுடணும். புண்ணு வரப்போற சிவந்த இடத்த ஸ்பிரிட் போட்டு தேய்க்கிறது, குதிகாலுக்கு அடியில தண்ணி நிரப்பின க்ளவுஸ் வைக்கிறது, நடுவுல ஓட்டை இருக்கிற ரிங் மேல உக்கார வைக்கிறது, இதெல்லாம் படுக்கைப்புண்ண தடுக்காது, அடியில இருக்கிற தசைய இன்னும் கெடுக்கும். குதிகால் காத்துல நிக்கிற மாதிரி கெண்டைக்காலுக்கு அடியில தலையணை வைங்க, பொதுவா 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாத்துங்க, முழுசா 90 டிகிரி சாய்க்காம 30 டிகிரி சாய்ச்சா இடுப்பெலும்பு மேல பாரம் விழாது. முப்பது பேருக்கு ரெண்டு ஸ்டாஃப் இருக்கிற வார்டுல எப்படி மாத்துறதுன்னு கேப்பீங்க, நியாயமான கேள்வி. அட்டெண்டருக்கு கத்துக்கொடுங்க, ஒரு தடவை நீங்க செஞ்சு காட்டி, ஒரு தடவை அவங்கள செய்ய வெச்சு பாத்துட்டு, நேரத்த ஒரு பேப்பர்ல எழுதி கட்டில்ல ஒட்டுங்க.

பேஷண்ட்கிட்ட பேசாம எழுதின இண்டர்வென்ஷன் நடக்காது. தண்ணியே குடிக்க மாட்டேங்குறாங்கன்னு ஒரு பாட்டி மேல எல்லாரும் கோவப்பட்டாங்க, இடுப்பெலும்பு உடைஞ்சு படுத்திருந்தாங்க, உதடெல்லாம் காஞ்சு போச்சு. உக்காந்து பேசினப்புறம்தான் தெரிஞ்சுச்சு, பெட் பேன் வைக்க மருமகன்தான் கூட இருக்காரு, அதுக்கு கூச்சப்பட்டு தண்ணிய நிறுத்திட்டாங்க. பொண்ண வரச் சொன்னோம், அன்னைக்கு ராத்திரியே பாட்டி தண்ணி குடிச்சாங்க. உப்பு கம்மி பண்ணுங்கன்னு சொன்னா யாருக்கும் மண்டையில ஏறாது, ஊறுகாய், அப்பளம், வத்தல், கருவாடு இந்த நாலையும் நிறுத்துங்கம்மான்னு சொன்னா ஏறும். சோடியம் குறைவான உப்புன்னு கடையில விக்கிறத சிலர் தானாவே வாங்குவாங்க, அதுல நிறைய பொட்டாசியம் இருக்கும், கிட்னி பிரச்சனை இருக்கான்னு கேட்டுட்டு சொல்லுங்க.

கடைசியா, செஞ்சத திரும்பிப் போய் பாக்குறது, பாதிப் பேர் விடுறது இங்கதான். நரம்புல வலி ஊசி போட்டா அரை மணி நேரத்துக்குள்ள, மாத்திரைன்னா ஒரு மணி நேரத்துல, சுகருக்கு 15 நிமிஷத்துல, லேசிக்ஸுக்கு, அதாவது ஃப்ரூஸமைடுக்கு, அடுத்த ரெண்டு மணி நேர யூரின். மார்ஃபின் போட்டா வலி குறைஞ்சுதான்னு மட்டும் இல்லாம ஆள எழுப்பி பாத்து மூச்சு எண்ணிக்கையும் எண்ணுங்க. குறையலன்னா அதே இண்டர்வென்ஷன இன்னும் அழுத்தமா செய்யறதுக்கு முன்னாடி காரணத்த நாம சரியாத்தான் பிடிச்சோமான்னு யோசிங்க. அந்த லேபரட்டமி அம்மாவுக்கு நான் சார்ட்ல எழுதச் சொல்றது இப்படி இருக்கும்: 10 மணிக்கு வலி பத்துக்கு 8, ஊசி போட்டாச்சு, 10.30க்கு வலி 3, தலையணை அணைச்சு நாலு தடவை இருமினாங்க, சளி வந்துச்சு, ஸ்பைரோமீட்டர் 10 தடவை, சாச்சுரேஷன் 89ல இருந்து 94, டாக்டருக்கு சொல்லியாச்சு, அடுத்தது 11.30க்கு, மதியம் வலி மருந்து கொடுத்தப்புறம் கட்டில் ஓரம் உக்கார வெச்சு பாக்கணும். மதிய டூட்டி ஸ்டாஃப் இத படிச்சா நேரா பெட்டுக்கு போய் வேலைய ஆரம்பிச்சுடுவாங்க.